குழந்தையோடு வெளியூர்ப் பயணம்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது?

ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். பயணத்தைப் பெரியவர்களின் வசதிக்கு வகுத்துவிடுகிறோம். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, மதியத்துக்குள் மூன்று கோயில் பார்த்து, மாலையில் மலையேறிவிடலாம் என்று கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கில் குழந்தையின் தூக்கமும் பசியும் இடம்பெறுவதே இல்லை. பிறகு அது அழும், வாந்தியெடுக்கும், சோற்றைத் துப்பும். திட்டத்தில் எங்கே கோளாறு என்று தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அது நமக்குச் சொல்கிறது. ஆகவே முதலில் திருத்த வேண்டியது திட்டம். மருந்துப் பை அதற்கு அடுத்ததுதான்.

ஆனால் திட்டம், டிக்கெட், அறை வாடகை எல்லாவற்றையும் மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகளும் சில உண்டு. முதலில் அவை.

பயணத்தை அங்கேயே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதல், உதடு நீலமாதல். எதைக் கொடுத்தாலும் வாந்தி, அல்லது பச்சை நிறத்தில் வாந்தி. மலத்தில் ரத்தம். ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருத்தல், கண் குழிந்துபோதல், கைக்குழந்தையானால் உச்சிக்குழி உள்வாங்கியிருத்தல். எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடத்தல். வலிப்பு.

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ‘ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சு வேண்டாம். சாலையில் இருந்தால் 108. ரயிலில் இருந்தால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள், அல்லது 139-ஐ அழையுங்கள். வண்டி எண், பெட்டி எண், இருக்கை எண் மூன்றையும் சொன்னால் அடுத்து நிற்கும் நிலையத்தில் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள். இந்த மூன்று எண்களும் டிக்கெட்டில் இருக்கும். பதற்றத்தில் கைப்பேசியைத் தேடி, குறுஞ்செய்தியைத் தேடிக்கொண்டிருக்காமல், ஏறியவுடன் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: மலைப்பாதையில் வாந்தி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு 20. கொல்லிமலைக்கு 70. பத்தாவது வளைவைத் தாண்டுவதற்குள் பிள்ளையின் முகம் வெளிறும், கொட்டாவி விடும், பேச்சை நிறுத்திவிடும், வாயில் எச்சில் ஊறும். வாந்திக்கு முன் வரும் எச்சரிக்கை இதுதான். நன்றாகப் பேசிக்கொண்டு வந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் தூக்கம் வந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்கள்.

காரணம் எளிது. உடல் திரும்புகிறது, சாய்கிறது என்று உள்காது மூளைக்குச் சொல்கிறது. எதுவும் அசையவில்லை என்று கண் சொல்கிறது. இரண்டு செய்திகளும் மோதுவதால்தான் குமட்டல். பெரியவர்களின் கண் சன்னல் வழியே மலையையும் சாலையையும் பார்க்கிறது. மூன்று வயதுப் பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். எதிரே முன்சீட்டின் முதுகும், அதன் தையலும், சட்டைப்பை போல் தொங்கும் வலையும்தான் தெரியும். பக்கத்தில் கதவின் உட்புறம். வெளியுலகம் என்று மேலே ஒரு கீற்று வானம். கையில் கைப்பேசியையும் கொடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எனவே முதல் திருத்தம் பார்வைக்கு. குழந்தை இருக்கையை, அல்லது வயதுக்கேற்ற உயர இருக்கையை, பின்சீட்டில் முறையாகப் பொருத்தினால் பிள்ளைக்குச் சாலை தெரியும். தலையும் ஆடாமல் சாய்ந்திருக்கும். வெளியே பார்க்கட்டும் என்று முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கைப்பேசி, படப்புத்தகம் எல்லாவற்றையும் அடிவாரத்திலேயே உள்ளே வைத்துவிடுங்கள். தூரத்து மலை, தேயிலைத் தோட்டம், எதிரே வரும் பஸ்ஸின் நிறம் என்று கண்ணை வெளியே இழுக்கும் விளையாட்டு எதுவானாலும் சரி.

இரண்டாவது வயிறு. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. மலையேறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, அல்லது ஒரு வாழைப்பழம் போதும். பால், பூரி, வடை வேண்டாம். ‘வெறும் வயிற்றோடு போகக் கூடாது’ என்று அடிவாரத்து ஹோட்டலில் பாட்டி ஊட்டிவிடும் நெய் தோசைதான் பெரும்பாலும் எட்டாவது வளைவில் வெளியே வருகிறது. அன்பாகவே எடுத்துச் சொல்லித் தடுக்க வேண்டிய விஷயம் இது.

மூன்றாவது ஓட்டுநர். வாடகை வண்டியானால் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, பின்னால் குழந்தை இருக்கிறது. வளைவில் மெதுவாகத் திருப்புங்கள். நேரமானாலும் பரவாயில்லை.” நேரமானாலும் பரவாயில்லை என்று சொல்வதுதான் முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் நாம் அவசரத்தில் இருப்பதாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

எலுமிச்சம்பழத்தை முகரவைப்பது சில பிள்ளைகளுக்கு இதம் தருகிறது, கெடுதல் இல்லை. காருக்குள் தொங்கும் வாசனைப் புட்டியை எடுத்துவிடுவது அதைவிட அதிகப் பயன் தரும். வாந்தித் தடுப்பு மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பாதியாக ஒடித்துக் கொடுக்காதீர்கள். இந்த வகையில் பரவலாகப் புழங்கும் புரோமெத்தசின் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாத மருந்து. மூச்சையே மட்டுப்படுத்திவிடக்கூடும். அதற்கு மேற்பட்ட வயதானாலும் எடையைப் பார்த்து மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே.

வாந்தி வந்துவிட்டதா? வாயைத் துடைத்து, சட்டையை மாற்றி, பத்து நிமிடம் எதுவும் கொடுக்காமல் இருங்கள். பிறகு ஒரு தேக்கரண்டி தண்ணீர், சற்று விட்டு இன்னொரு தேக்கரண்டி. மாற்றுச்சட்டை, கெட்டியான பாலித்தீன் பைகள், ஈரத்துணி மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டிக்கியில் பெட்டிக்கு அடியில் இருந்தால் பயனில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். பயணக் குமட்டல் இரண்டு வயதுக்குக் கீழே அபூர்வம். எட்டு மாதக் குழந்தை மலைப்பாதையில் திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தால் வளைவைக் குறை சொல்லாமல் காய்ச்சல் இருக்கிறதா, வயிற்றுப்போக்கு தொடங்குகிறதா, வண்டிக்குள் புழுக்கமா என்று பாருங்கள்.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஊர்ந்து ஏறும் மலை ரயிலில் சன்னல் பெரியது, வேகம் குறைவு. ஆனால் மேலே போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது நீளம். குன்னூரிலிருந்து ஊட்டி வரையிலான பகுதியில் மட்டும் ஏற்றிக் காட்டினால் அலுக்காமல் ரசிப்பார்கள். சொந்த வண்டியில் போவதானால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ள இ-பாஸை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். சோதனைச்சாவடியில் நிற்கும் நேரமாவது மிச்சமாகும்.

அறிகுறி: கார் இருக்கையில் உட்கார மறுத்து அழுகை

பெல்ட் போட்டதும் வில்லாக வளைந்து அலறும் பிள்ளையை மடிக்கு எடுத்துக்கொள்ளத்தான் மனம் போகும். எடுத்தால் அடுத்த பயணத்திலும் அலறும். ஊர்ப்பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே இருக்கையைப் பொருத்தி, கடைக்கும் பூங்காவுக்கும் அதிலேயே அழைத்துப்போங்கள். புதிய இருக்கையில் முதல் நாளே எட்டு மணி நேரம் என்பது எந்தப் பிள்ளைக்கும் ஒத்துவராது. அழுகை தொடர்ந்தால் வார் கழுத்தில் உரசுகிறதா, வெயிலில் காய்ந்த உலோகக் கொக்கி தொடையில் சுடுகிறதா, டயப்பர் நனைந்து கனக்கிறதா என்று பாருங்கள். வண்டியை நிறுத்தி இறக்கி நடக்கவிடுங்கள். ஓடும்போது அவிழ்க்காதீர்கள்.

மடி ஏன் ஆகாது என்றால், திடீர் பிரேக்கிலும் மோதலிலும் குழந்தையின் உடல் அதன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு முன்னே பாயும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. முன்சீட்டில் ஏர்பேக் விரியும் வேகமே சின்னப் பிள்ளையின் கழுத்துக்கு ஆபத்து. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவும் 14 வயதுக்குட்பட்டவர்களைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. இரண்டு வயது வரையிலாவது பின்னோக்கிப் பார்த்தபடி அமரும் இருக்கை நல்லது. வாடகை வண்டியானால் பின்சீட்டு பெல்ட் வேலை செய்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பல வண்டிகளில் சீட்டு உறைக்கு அடியில் கொக்கி புதைந்து கிடக்கும்.

தூங்கும் பிள்ளையை வண்டியில் பூட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள், ஐந்து நிமிடம்கூட. மூடிய காரின் உள்வெப்பம் இருபது நிமிடத்தில் பத்து டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும். சன்னலைச் சற்று இறக்கிவைப்பதால் பெரிய மாறுதல் இல்லை.

அறிகுறி: ரயிலில் இரவெல்லாம் தூங்காமல் அழுகை

சென்னையிலிருந்து மதுரைக்கோ நெல்லைக்கோ இரவு ரயில் என்றால் ‘ஏறியதும் தூங்கிவிடும்’ என்று எண்ணுவோம். பிள்ளைக்கு வெளிச்சம், சத்தம், புது முகங்கள், ஏணி எல்லாமே கொண்டாட்டம். பதினொரு மணிக்குக் களைப்பு தாங்காமல் அழத் தொடங்கும்.

இந்த வரிசையில் பாருங்கள்: டயப்பர், பசி, குளிர், வெளிச்சம், காது. ஏசி பெட்டியில் காற்று வரும் துவாரத்துக்கு நேர் கீழே படுத்திருந்தால் துவாரத்தின் தகட்டைத் திருப்பலாம், தலைமாட்டை மாற்றலாம். தொப்பியும் காலுறையும் உதவும். வீட்டில் படுக்கும் அதே பழைய சேலையை விரித்தால் அதில் அம்மா வாசனை இருக்கும். புதிதாக வாங்கிய பஞ்சு போர்வையைவிட அதற்குத்தான் பிள்ளை அடங்கும். எல்லாம் பார்த்தும் அழுகை நிற்காமல், காதைப் பிடித்து இழுத்து, படுக்கவைத்தால் அதிகமாக அழுதால் காதுவலியாக இருக்கலாம். சளி பிடித்திருந்த பிள்ளையானால் சந்தேகம் வலுக்கும்.

படுக்கையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம், படுக்கையும் கிடையாது. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால் படுக்கை இல்லாமல் அரைக் கட்டணம், படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம். ஆகவே சின்னப் பிள்ளை நம்மோடுதான் படுக்க வேண்டும். அது லோயர் பெர்த்தாக மட்டுமே இருக்கட்டும். பிள்ளை சுவர் பக்கம், பெரியவர் வெளிப்பக்கம். மிடிலோ அப்பரோ கிடைத்திருந்தால் ஏறியவுடன் கேட்டுவிடுங்கள், எல்லோரும் படுத்த பிறகு கேட்டால் கிடைக்காது. “அண்ணா, கைக்குழந்தை இருக்கிறது, லோயர் பெர்த் மாற்றிக்கொள்ள முடியுமா?” என்றால் முடியாது என்பவர்கள் குறைவு. மூட்டுவலிக்காரப் பெரியவரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

இரண்டு பெர்த்துகளுக்கு நடுவே சேலையில் தூளி கட்டும் வழக்கம் நம் ரயில்களில் உண்டு. பிள்ளை உடனே தூங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் வண்டி பிரேக் போட்டால் தூளி நேராகப் போய் பெர்த்தின் இரும்பு விளிம்பில் மோதும். முடிச்சு நழுவினால் தலை தரையில் இடிக்கும். வேண்டாம். தோளில் போட்டு நடந்து தூங்கவைத்துவிட்டுக் கீழே படுக்கவையுங்கள்.

ஸ்லீப்பர் பெட்டியில் இன்னொரு கவனம் சன்னல் ஷட்டர். மேலே தூக்கி நிறுத்தும் இரும்புத் தகடு கொண்டி சரியாக விழாமல் நின்றிருக்கும். வண்டி குலுங்கியதும் படாரென்று இறங்கும். பிள்ளையின் விரல்கள் வழக்கமாக இருப்பது அந்தச் சட்டத்தின் மேல்தான். தூக்கியபின் இரு பக்கக் கொண்டியும் விழுந்ததா என்று கீழே இழுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையை உட்காரவையுங்கள். கதவுப் பக்கமும் கழிப்பறைப் பக்கமும் பிள்ளை ஒருபோதும் தனியாகப் போகக் கூடாது.

அறிகுறி: விமானம் இறங்கும்போது வீறிட்டு அழுகை

காதுக்குள் அழுத்தம் மாறுவதுதான். ஏறும்போதைவிட இறங்கும்போது அதிகம். தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே விமானம் தாழத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் பாலூட்டுங்கள், அல்லது தண்ணீரை உறிஞ்சவிடுங்கள். விழுங்கும்போது தொண்டைக்கும் காதுக்கும் இடையிலுள்ள குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். அந்த நேரத்தில் தூங்கினால் எழுப்பிவிடுவதே நல்லது. கடுமையான சளியோ காதுத் தொற்றோ இருந்தால் பறப்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: வயிற்றுப்போக்கு

தண்ணீர் மாறிவிட்டது என்பார்கள். கழுவாத கை, திறந்துவைத்த சட்னி, பால்புட்டியின் காம்பு இவையே பெரும்பாலும் காரணம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குப் பயணத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. வெயில் என்று அதற்குத் தண்ணீர் தர வேண்டியதில்லை, பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். தமிழ்நாட்டின் பெரிய பஸ் நிலையங்களில் 2015 முதல் தாய்மார்களுக்குப் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. பூட்டியிருந்தால் நேரக் காப்பாளரிடம் சாவி கேளுங்கள், தயங்க வேண்டாம். பவுடர் பால் கொடுப்பவர்கள் பாலைக் கலக்கிப் பிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துப்போகக் கூடாது. கொதித்த தண்ணீரைப் பிளாஸ்க்கிலும் அளந்த பவுடரைச் சின்ன டப்பாக்களிலும் தனித்தனியே கொண்டுபோய், வேண்டும்போது கலக்கி, ஆறவைத்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேலானதைக் கொட்டிவிடுங்கள்.

போக்கு தொடங்கிவிட்டால் வேலை ஒன்றுதான்: போகும் நீரை ஈடுகட்டுவது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் 200 மில்லிக்கானதும் ஒரு லிட்டருக்கானதும் உண்டு. பயணத்துக்குச் சிறியதையே வாங்குங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை பால்புட்டியில் போட்டுக் கலக்குவது தவறு. உப்பின் அளவு கூடினாலும் குறைந்தாலும் மருந்தின் பயன் கெடும். பொட்டலம் முழுவதையும், அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போனபின்பும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. கரண்டியால், கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் விட்டுத் தொடருங்கள்.

கடையில் அட்டைப்பெட்டியில் ஆரஞ்சு, ஆப்பிள் சுவையில் விற்கும் பானங்களெல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகிவிடாது. சர்க்கரை மிகுந்த பானம் போக்கை இன்னும் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்கு ஒத்துவராத பானங்கள் அந்தப் பெயரைத் தாங்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று பொட்டலத்தில் இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். கிடைக்காத இடத்தில் உப்பிட்ட அரிசிக் கஞ்சி கைகொடுக்கும். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். பெரியவர்கள் போடும் போக்கு நிறுத்தும் மாத்திரையைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள்.

அறிகுறி: வழியில் காய்ச்சல்

நாம் இடறி விழும் இடம் பாரசிட்டமால் புட்டி. ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். ஆனால் மருந்தின் அடர்த்தி ஒன்றல்ல. ஒரு வகைச் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், இன்னொன்றில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம், சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். அதாவது அதே பிள்ளைக்கு முதலாவதில் 6 மில்லிக்குச் சற்று மேல், இரண்டாவதில் 3 மில்லி, மூன்றாவதில் ஒன்றரை மில்லிதான். வீட்டில் ஒரு புட்டியும் வழியில் அவசரத்துக்கு வாங்கியது வேறு புட்டியுமானால் ‘எப்போதும் கொடுக்கும் அளவு’ இருமடங்காகிவிடும். சொட்டு மருந்தென்றால் இன்னும் மோசம். கிளம்பும் முன் மருத்துவரிடம் பிள்ளையின் இப்போதைய எடைக்கு எத்தனை மில்லி என்று கேட்டு, புட்டியின் மேலேயே பேனாவால் எழுதுங்கள். அளவுக்குழாயும் அதனோடேயே இருக்கட்டும். இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் ஆகாது.

இருமல் மருந்தைப் பையில் எடுத்துவைக்கவே வேண்டாம். இரண்டு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்றும் ஐந்து வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கதல்ல என்றும் மத்திய அரசு 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் பார்க்க மிகவும் பயமாக இருக்கும். பிள்ளையைத் தரையிலோ இருக்கையிலோ ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். தண்ணீரோ கரண்டியோ விரலோ வேண்டாம், கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் பயனற்றது. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் நின்றுவிடும், நிற்காவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். நின்றாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

அறிகுறி: சாப்பிட மறுக்கிறது

ஒரு நாள் குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. தண்ணீர் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று மட்டும் பாருங்கள். பழகிய உணவே நல்லது: எண்ணெயும் பொடியும் தடவிய இட்லி, நேந்திரம் பழம், பொரி. தயிர்சாதம் கொண்டுபோனால் பாலில் குழையப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள், புளிக்காது. அதையும் மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். பயணத்தில் மலச்சிக்கல் வருவது சகஜம். காலையில் உட்காரவைக்கப் பத்து நிமிடம் ஒதுக்காமல் அறையைக் காலி செய்ய ஓடுவதுதான் அதற்குக் காரணம்.

அறிகுறி: சத்தமே இல்லாமல் திணறல்

பஸ் நின்றதும் சன்னலுக்கு வெளியே வேர்க்கடலை, பட்டாணி, மிக்சர் வரும். நான்கு வயது வரை முழுக் கடலையும் முழுத் திராட்சையும் ஓடும் வண்டியில் கொடுக்காதீர்கள். ஒரு குலுக்கலில் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். பலமாக இருமினால் இருமவிடுங்கள். இருமவோ அழவோ முடியாமல் திணறினால்தான் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறக் கிடத்தித் தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. போகாவிட்டால் மல்லாத்தி நெஞ்சின் நடுவே இரு விரலால் ஐந்து அழுத்தம். மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்கு மேல் ஐந்து தட்டு, பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக ஐந்து அழுத்தம். கண்ணுக்குத் தெரியாததை விரலைவிட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போகும். நினைவிழந்தால் 108-ஐ அழைத்துக்கொண்டே நெஞ்சழுத்த முதலுதவி. கிளம்பும் முன் வீட்டில் பொம்மையை வைத்து இதைச் செய்து பழகியிருங்கள்.

அறிகுறி: கூட்டத்தில் பிள்ளையைக் காணவில்லை

முதலில் ஆபத்து இருக்கும் திசையில் தேடுங்கள்: குளம், கடல், தண்டவாளம், சாலை. மிட்டாய்க் கடையைப் பிறகு பார்க்கலாம். ஒருவர் கடைசியாகப் பிள்ளையைப் பார்த்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. மற்றவர் காவல் உதவி மையத்துக்கோ ஒலிபெருக்கி இருக்கும் இடத்துக்கோ போக வேண்டும். 112-ஐயும், குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம். ரயில் நிலையமானால் ரயில்வே பாதுகாப்புப் படையினரும் 139-உம்.

அன்று காலை கிளம்பும்போது பிள்ளையை முழு உருவமாக ஒரு படம் எடுத்துவைப்பது மிகவும் உதவும். என்ன நிறச் சட்டை என்று கேட்டால் பெற்றவர்களுக்கே அந்த நேரத்தில் நினைவு வராது. சட்டையின் உட்புறத்தில் கைப்பேசி எண்ணை எழுதுங்கள். திருவண்ணாமலை தீபம் போன்ற பெருங்கூட்டங்களில் காவல்துறையே பிள்ளைகளின் கையில் எண் எழுதிய பட்டை கட்டிவிடுகிறது, வரிசையில் நின்றாவது கட்டிக்கொள்ளுங்கள். மூன்று வயதானால் ‘அம்மாவைக் காணோம் என்றால் அங்கேயே நில், சத்தமாகக் கூப்பிடு, காக்கிச்சட்டை போட்டவரிடமோ குழந்தை வைத்திருக்கும் ஒரு அக்காவிடமோ சொல்’ என்று விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

தண்ணீர் இருக்கும் இடத்தில் காணாமல் போகும்வரை காத்திருக்க நேரமே கிடையாது. பிள்ளை மூழ்கும்போது கத்துவதில்லை. கன்னியாகுமரியானாலும் குற்றாலமானாலும் லாட்ஜ் குளியலறையில் நிறைத்துவைத்த வாளியானாலும், ஒரு பெரியவரின் கை எட்டும் தூரத்தில் பிள்ளை இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் யார் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற இடத்தில் யாரும் பார்ப்பதில்லை.

அறிகுறி: குரங்கோ நாயோ கீறிவிட்டது

கையில் தின்பண்டத்தோடு பிள்ளையை நடத்திச் செல்வதுதான் பெரும்பாலும் காரணம். சின்னக் கீறல்தான் என்று மஞ்சள் பூசிவிட்டு நடையைக் கட்டாதீர்கள். வெறிநோய் வந்தபின் காப்பாற்ற வழியில்லை. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். கட்டுப் போட வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி அங்கே இலவசம். அடுத்த தவணைகள் எந்தெந்தத் தேதி என்று சீட்டில் எழுதி வாங்கினால் சொந்த ஊரில் தொடரலாம். பயணம் பாதியில் நிற்கிறதே என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அறிகுறி: வீடு திரும்பிய பிறகு காய்ச்சல்

திரும்பிவந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே போனோம் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். கொசுக்கடியால் வரும் டெங்கு பெரும்பாலும் நான்கிலிருந்து பத்து நாளுக்குள் தெரியும். மலையடிவாரம், புதர், புல்வெளி என்று விளையாடியிருந்தால் உண்ணிக் காய்ச்சலும் கணக்கில் வர வேண்டும். அது மூன்று வாரம் வரைகூட எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி கடித்த இடத்தில் வலியில்லாத ஒரு சின்னப் புண், நடுவில் கறுத்த பொருக்கோடு இருக்கும். பிள்ளை அதைச் சொல்லாது. குளிக்கவைக்கும்போது அக்குள், கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்புறம், தொடை இடுக்கு, டயப்பர் மறைக்கும் இடம் எல்லாம் பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குரிய மருந்து உடனே தொடங்கினால் நன்றாகக் கேட்கும்.